வெளியூரார் பக்கம்

காய்ச்சலை ஒழிக்க வேண்டுமானால் இரத்தத்தைப் பார்க்க வேண்டும். இரத்தத்தைப் பார்க்க வேண்டுமானால் முதலில் அதை எடுக்க வேண்டும். எடுப்பதற்கு ஓர் உத்தியோகத்தர் வேண்டும். இவ்வளவையும் 1936ஆம் ஆண்டு அரசினர் ஆழ்ந்து ஆலோசித்துத் தீர்மானித்ததன் பயனாக, நாவற்குடாவுக்குத் தெற்கே வாவிக்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஒரு பூதக்கண்ணாடியும், ஒரு பெட்டி கொயினா மருந்தும், அவற்றுக்குக் காவலாக, மருந்து கொடுக்கும் ஓர் அப்போதிக்கரி ஐயாவும் வந்து சேர்ந்தனர்.

இரத்தம் எடுக்கும் பயிற்சிக்கு அழகரத்தினம் தெரிவானான். அவனிடம் தொப்பி இருந்தது. சப்பாத்தும் இருந்தது. இரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுவான் என்பது விண்ணப்பத்தில் கேட்கப்படவில்லை.

பயிற்சி மூன்று மாதம். முதல் மாதம் தொப்பியை எப்போது கழற்றுவது என்று கற்பித்தார்கள். இரண்டாம் மாதம் வாழைத்தண்டில் ஊசி குத்தினான். வாழைத்தண்டு ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் பரீட்சை. ஊரிலுள்ள நூற்றெண்பத்தாறு பேரின் விரலிலும் ஒவ்வொரு துளி எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, ஊர்ப் பெயர்களெல்லாம் உள்ள இடாப்பில் அவரவர் பெயருக்கு நேரே அந்தத் துண்டின் இலக்கத்தை எழுத வேண்டும். பார்த்து முடிந்த துண்டுகள் கொழும்புக்குப் போகும்.

நாங்கள் விரலைக் கொடுக்கவில்லை. "ஊசி குத்தின விரலோட உப்புத் தண்ணியில வலை இழுக்கேலுமா?" என்று கேட்டோம். நல்ல கேள்வி. இன்றைக்கும் அது நல்ல கேள்வி என்றே நினைக்கிறேன்.

காத்தான்குடியிலிருந்து இடுப்பில் கட்டும் சாரம் விற்க வரும் உசனார் காக்கா, ஊருக்கே அண்ணன் முறை, அவர் மட்டும் விரலை நீட்டினார். ஆள் கல்லுப்போல, ஒருநாளும் காய்ச்சல் கண்டதில்லை.

"காக்கா, இன்னும் ஒரு சொட்டு எடுக்கட்டா?"

"எடு தம்பி. நான்தான் கொழும்பு பார்க்கல்ல, என்ட ரத்தமாவது போய்ப் பார்க்கட்டும்."

இப்படியாக, அழகரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு குத்தக் குத்த, பன்னிரண்டு நாளில் உசனார் காக்காவிடமிருந்து எங்கள் நூற்றெண்பத்தாறு பேரின் இரத்தமும் எடுக்கப்பட்டது. அப்போதிக்கரி ஐயா பூதக்கண்ணாடியில் பார்த்தார். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. அழகரத்தினம் முதலாம் பிரிவில் சித்தியடைந்தான். நாங்கள் மாலை போட்டோம். போடும்போது எங்களில் பாதிப்பேர் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தோம்.

அடுத்த கிழமை அவன் மனைவி சீதேவிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று சாக்குப் போர்த்தியும் பல் கிட்டியது. அழகரத்தினம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்போதிக்கரி ஐயாவிடம் ஓடினான்.

"ஐயா, என்ட பெண்சாதிக்குக் காய்ச்சல். கொயினா வேணும்."

ஐயா இடாப்பைப் புரட்டினார். "சீதேவி. இலக்கம் பதினேழு. காய்ச்சல் இல்லை. ஆர் எடுத்த ரத்தம்?"

"நான்தான் ஐயா."

"மறுகா என்ன? உனக்கே தெரியுந்தானே."

அழகரத்தினம் அழுதுவிட்டான். "அது சீதேவிட ரத்தமில்ல ஐயா. எல்லாம் உசனார் காக்காட."

ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நீ பரீட்சையில சித்தியடையல்ல. சித்தியடையாத ஒருத்தன் ரத்தத்தப் பற்றிச் சொல்ற சொல்லத் திணைக்களம் ஏற்காது."

"அப்ப நான் இப்ப சொன்னது பொய்யெண்டு வைங்க ஐயா."

"அப்ப பதினேழு சரி. அவளுக்குக் காய்ச்சல் இல்ல."

"இன்னொருக்கா எடுத்துப் பாருங்க."

"ஓராளுக்கு ஒரு கட்டம். அவள்ர கட்டம் நிறைஞ்சிட்டு." ஐயா கல்நெஞ்சர் அல்லர். சட்டத்துக்குள் எவ்வளவு இரங்கலாமோ அவ்வளவு இரங்கி, இடாப்பின் கடைசித் தாளைத் தட்டிக் காட்டினார். "வெளியூரார் பக்கம் வெறுமையாத்தான் கிடக்கு."

மறுநாள் காலை, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து ஆச்சிப்பிள்ளை என்றொருத்தி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடுங்கி நடுங்கி வந்தாள்.

"உன்னை எங்கயோ கண்ட மாதிரிக் கிடக்கு," என்றார் ஐயா.

"ஓம் ஐயா. பதினேழாம் இலக்கத்துக்கு நான் தங்கச்சி முறை."

அழகரத்தினம் ஊசியை எடுத்தான். கண்ணை இறுக மூடினான். "இஞ்ச தாங்க," என்று சீதேவி ஊசியைப் பிடுங்கித் தன் விரலில் தானே குத்திக்கொண்டாள். மயங்கி விழப்போன உத்தியோகத்தரை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். அரசாங்கம் மூன்று மாதம் பயிற்றியும் வராத வேலையை அவள் ஒரு நொடியில் செய்துவிட்டாள். எனக்கு அன்றைக்கு அவள்மேல் பெரிய மரியாதை வந்தது.

துளியில் காய்ச்சல் இருந்தது. பத்து நாள் மருந்தில் முதல் ஐந்து நாளுக்குரியது கிடைத்தது. மீதிக்கு ஆறாம் நாள் வர வேண்டும்.

சங்கதி ஊரில் பரவியது. மூன்று நாளில், ஆச்சிப்பிள்ளையோடு சேர்த்து, படுவான்கரையார் நூற்றுநாற்பது பேர் வந்து குவிந்தார்கள். வலை இழுக்கும் விரல் எல்லாம் வரிசையாக நீண்டது. நான் முப்பத்தெட்டாவது படுவான்கரையான். ஐயா எல்லாவற்றையும் கூட்டிக் கொழும்புக்குத் தந்தி அடித்தார். கொழும்பு, தன் வழக்கத்துக்கு மாறாக, அடுத்த நாளே பதில் அடித்தது.

பதிலைக் கேட்கக் கூட்டம் கூடினோம். ஐயா வாசித்தார்: "இவ்வூர் மக்கள் அனைவரும் பூரண சுகத்துடன் இருப்பது கண்டு திணைக்களம் மிக மகிழ்கிறது. காய்ச்சல் முழுவதும் படுவான்கரையாரால் கொண்டுவரப்பட்டதென்று ஐயந்திரிபற நிரூபணமாகியுள்ளது."

"நான் அப்பவே சொன்னன்!" என்று சாக்குப் போர்த்திக்கொண்டிருந்த ஒருவர் எழும்பிக் கத்தினார். "அக்கரையாக்கள்தான்! தோணிய நிப்பாட்டுங்க!"

கைதட்டல் வானைப் பிளந்தது. தந்தியில் இரண்டாவது பந்தியும் இருந்தது. அது கைதட்டிய ஒருவர் காதிலும் விழவில்லை. அங்கேயே மனு எழுதப்பட்டது. நாளை மாலை முதல் அக்கரைத் தோணி வரவும் கூடாது, போகவும் கூடாது. எல்லோரும் சொந்தப் பெயரில் கையெழுத்து வைத்தோம். ஐயா உடனே அங்கீகரித்தார்.

சீதேவி மட்டும் கைதட்டவில்லை. "ஆருகா அந்த ஆக்கள்?" என்று பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள். அவள் சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு இன்னும் பலமாகக் கைதட்டினாள்.

மறுநாள் காலை அழகரத்தினம் தொப்பியோடு தோணியில் ஏறினான். மடியில் கொயினாப் பெட்டி. பின்னால் சீதேவி தலையணையோடு ஏறினாள்.

"எங்க புள்ள போறாய்?" என்றேன்.

"என்ட ஊருக்கு," என்றாள். "ரெண்டாம் பந்தியக் கேக்கல்லயா? காய்ச்சல் எங்கயோ மருந்தும் அங்கதானாம்."

நாங்கள் சிரித்தோம். ஐந்து நாள் மருந்து ஒவ்வொருவராக முடிந்தது. கடைசி ஆளுக்கும் ஆறாம் நாள் வந்து, பின்னேரம் குளிர் ஏறியதும் நூற்றுமுப்பத்தொன்பது படுவான்கரையாரும் சாக்குகளோடு துறைக்கு ஓடினோம். தோணிக்காரன் தோணியைக் கட்டிவிட்டு, அதன் முனைக் கொம்பில் குந்தியிருந்தான்.

"தோணிய விடு தம்பி, அக்கரைக்குப் போகணும்."

அவன் மடியிலிருந்து மனுவின் பிரதியை எடுத்து விரித்து, வெளிச்சத்துக்குப் பிடித்தான்.

"முதல் கையெழுத்து ஆர்ர?" என்று கேட்டான்.

என்னுடையது. நல்ல வடிவான எழுத்து. வைக்கும்போது கை கொஞ்சமும் நடுங்கவில்லை. அன்றைக்கு மருந்து இருந்தது.