அதிர்வுக் காப்பும் காபிக் கரண்டியும்

ஊரே அதிர்ந்துகொண்டிருந்தது. நிலநடுக்கமெல்லாம் இல்லை, அதிர்வு அய்யா வந்திருந்தார். அவருடைய செம்புக் காப்பைக் கையில் மாட்டினால் உடம்பின் அணுக்களெல்லாம் வரிசையில் நிற்குமாம். அணுக்கள் நின்றனவோ இல்லையோ, மக்கள் நின்றார்கள். வங்கி மேலாளர் நின்றார். வக்கீல் நின்றார். கணக்கு வாத்தியார் இரண்டு கைக்கும் சேர்த்தே வாங்கினார்.

எதிர்ப்புறம் காபிக்கடை மாடியில் ஊர் நூலகர் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைதோறும் ஒரு விஞ்ஞானியையோ மருத்துவரையோ அங்கே அழைத்துப் பேசவைப்பாள். காபி குடித்தபடி கேட்கலாம், குறுக்குக் கேள்வி போடலாம். போன வாரம் வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று ஒருவர் உருகி உருகி விளக்கினார். கேட்டது கடைக்காரரும், மழைக்கு ஒதுங்கிய ஒரு தம்பதியும். மழை விட்டது, தம்பதி கிளம்பிவிட்டார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாத ஒன்று அவளுடைய அக்காவின் கையில் மின்னியது.

"சர்க்கரை மாத்திரை போட்டியாக்கா?"

"இனிமே அது எதுக்குடி? காப்பு இல்லாம நீட்டின கையை அய்யா அழுத்தினப்போ தொப்புனு விழுந்துச்சு. மாட்டினதும் இரும்பு மாதிரி நின்னுச்சு. என் கண்ணால பார்த்தேன்."

அக்காவின் கால் புண் ஆறாமல் கிடந்தது. அதையும் நூலகர் தன் கண்ணால்தான் பார்த்தாள். மறுநாளே அய்யாவிடம் போனாள்.

"எங்க அறிவியல் கூட்டத்துல நீங்க பேசணும்."

அறிவியல் என்றதும் அய்யாவுக்கு முகமெல்லாம் பல். ஊரை ஏமாற்றுகிறவருக்கும் அறிவியலின் கையெழுத்து என்றால் தனி ஆசை!

சனிக்கிழமை மாடிப்படிவரை கூட்டம். அய்யா அணு, அலை, அண்டம் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அள்ளி வீசினார். கைதட்டல் அடங்கியதும் நூலகர் எழுந்தாள்.

"ஒரு சின்ன சோதனை, அய்யா. கடைக்காரர் சமையலறையில ஒரு பைக்குள்ள எங்க அக்கா கழட்டிக் கொடுத்த காப்பும், இன்னொரு பைக்குள்ள காபிக் கரண்டியும் போட்டுக் கட்டியிருக்கார். எது எதுன்னு இங்க யாருக்கும் தெரியாது. எங்க அக்கா ஒரு கையில பையைப் பிடிச்சுக்குவா. இன்னொரு கையை அழுத்திப் பார்த்து, பைக்குள்ள எது இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

மறுக்க வழியில்லை. அய்யா அழுத்தினார். கை அசையவில்லை.

"காப்பு! பார்த்தீங்களா சக்தியை!"

அவிழ்த்தார்கள். கரண்டி.

கூட்டத்தில் ஒரு சிரிப்பு. பைகளை மறுபடி சமையலறைக்கு அனுப்பி, கட்டிக் கலைத்து, அதில் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இந்த முறை கை தொப்பென்று விழுந்தது.

"இது கரண்டி," என்றார் அய்யா, கொஞ்சம் மெதுவாக.

உள்ளே காப்பு பளபளத்தது.

அக்கா தன் கையையே பார்த்தாள். "அய்யா, முதல்ல முழங்கைகிட்ட அழுத்தினீங்க. இப்போ மணிக்கட்டுல அழுத்தினீங்க. ஏன்?"

"அது... சக்தி ஓடுற பாதைம்மா."

"அப்படியா? உங்க கையை நீட்டுங்க."

காப்பை அவர் கையிலேயே மாட்டி, மணிக்கட்டில் ஓர் அழுத்து அழுத்தினாள். அய்யாவின் கை சரிந்தது. காப்பைக் கழற்றி முழங்கையருகே அழுத்தினாள். கம்பம்போல் நின்றது.

"உங்களுக்கே வேலை செய்யலையேய்யா! இதை நம்பியா நான் மாத்திரையை நிறுத்தினேன்?" அக்கா தங்கையிடம் திரும்பினாள். "நாளைக்கே டாக்டர்கிட்ட போகலாம்டி."

"கரண்டியிலயும் அதிர்வு உண்டு!" என்று கூவியபடியே அய்யா படியிறங்கினார். உடனே கணக்கு வாத்தியார் சமையலறைப் பக்கம் தலையை நீட்டினார்.

"அண்ணே, அந்தக் கரண்டி விலைக்குக் கிடைக்குமா?"

என்ன சொல்ல! அக்கா கேட்ட அந்த ஒரு 'ஏன்'தான் அய்யாவைப் படியிறக்கியது. அதைக் கேட்க விஞ்ஞானியாக வேண்டியதில்லை, காப்பும் மாட்ட வேண்டியதில்லை. கழுத்துக்கு மேலே இருப்பதைத் தொப்பி மாட்டும் ஆணியாக வைத்திருக்காமல் இருந்தால் போதும்.