மேலே யார் பெயர்?

"அம்மாடி அஃப்ஸானா, கம்ப்யூட்டர் போட்டா மேல என் பேரு வருது பாரு. பாஷா பாய் பேர மேல ஏத்தி உடும்மா. வயசுல பெரியவரு, ஒரு மரியாதை வாணாம்?"

திங்கட்கிழமை அருணாச்சலம் இப்படிச் சொன்னார். அஃப்ஸானா மாற்றி வைத்தாள். மறுநாள் ஹயாத் பாஷா வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இன்னாம்மா இது, என் பேரு மேல குந்திக்கினு கீது? இந்தக் கம்பெனிய ஆரம்பிச்சதே அருணாச்சலம் நைனாதான். அவரு பேருதான் மேல இருக்கணும்."

அவள் மறுபடியும் மாற்றினாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் போல்ட்டும் நட்டும் செய்யும் அந்தக் கம்பெனிக்கு இவர்கள் இருவரும் பங்குதாரர்கள். ஆபீசில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதற்குள் இரண்டு குடித்தனம். சென்னைப் பக்கத்து ஆர்டர்களை அருணாச்சலம் பழைய விண்டோஸ் 98-இல் வைத்திருந்தார். ஆந்திரா பக்கத்து ஆர்டர்கள் பாஷாவின் எக்ஸ்பியில் இருந்தன. சுவிட்சைத் தட்டினால் கறுப்புத் திரையில் இருவர் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அம்புக்குறியைத் தட்டி வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். சும்மா இருந்தால் மேலே இருப்பது தானாகத் திறந்துகொள்ளும். முதலாளிகளுக்குத் தெரிந்த வித்தை, சுவிட்சைத் தட்டுவதும் திறந்ததை மவுசால் உருட்டிப் பார்ப்பதும்தான். மற்றதெல்லாம் அஃப்ஸானா பாடு.

அவளுக்கு இருவர்மேலும் அப்படி ஒரு மதிப்பு. அண்ணன் தம்பியே வரப்புக்கு வெட்டிக்கொள்ளும் ஊரில், 'நீ முந்தி, நீ முந்தி' என்று விட்டுக்கொடுக்கும் கூட்டாளிகளை எங்கே பார்ப்பது? அவர்கள் தங்களுக்குள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. சொல்ல வேண்டியதை அவளிடமே சொல்லி அனுப்புவார்கள். பெரிய மனிதர்களின் அடக்கம் என்று அதற்கும் அவள் மதிப்பெண் போட்டாள்.

பொன்னேரியில் அவள் அம்மா மெஹர்னிசாவிடம் தினமும் இதே கச்சேரிதான்.

"நல்ல மனுசங்கதான், யாரு இல்லன்னது? பர்மனெண்ட் பண்ணாங்களா? இந்த மாசமும் பண்ணலன்னா ரயிலேறுனது போதும், ஊட்டுல இரு."

மாதம் முடிய ஒரு வாரம்கூட இல்லை. அந்த வேலை அஃப்ஸானாவுக்கு உயிர். முதலாளிகளில் ஒருவர் முகம் சுளித்தாலும் போச்சு.

அதனால் ஒரு நாள் இவர் மேலே, ஒரு நாள் அவர் மேலே என்று முறை வைத்துப் பார்த்தாள். மேலே வந்தவர் வந்து வருத்தப்பட்டார். வெள்ளிக்கிழமை காலையில் இருவருமே தனித்தனியாக வந்து வருத்தப்பட்டுவிட்டுப் போனார்கள். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் கண்ணில் கம்பெனியின் பில் பட்டது. உச்சியில் ஒரு பக்கம் 'உ', மறுபக்கம் '786'.

அடடா, இது தோன்றாமல் போயிற்றே! மேலே இரண்டு பேர் பெயரும் வேண்டாம். சாமி இருக்கட்டும். சாமிக்குக் கீழே யார் இருந்தால் யாருக்கு என்ன குறை?

அந்தப் பெயர்கள் இருக்கும் கோப்பைத் திறந்து, முதல் வரியில் 'உ', இரண்டாவது வரியில் '786' என்று பக்தியோடு அடித்தாள். சேமிக்கும்போது கம்ப்யூட்டர் இங்கிலீஷில் ஏதோ எச்சரித்தது. எதைத் தட்டினால் 'உ' அழியாமல் இருக்குமோ அதைத் தட்டினாள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள்.

சாமியும் வரவில்லை, ஆசாமியும் வரவில்லை. ஏதோ ஒரு கோப்பைக் காணவில்லை என்று ஒற்றை வரி வந்து நின்றது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை.

வாசலில் நெல்லூர் லாரி ஹாரன் அடித்தது. சரக்கு ஏற்றியாயிற்று, பாஷாவின் எக்ஸ்பியிலிருந்து பில் வந்தால்தான் கிளம்பும்.

கம்ப்யூட்டரைப் போட்டுக்கொடுத்த அஸ்கர் அலிக்குப் போன் செய்தாள்.

"பழைய பிளாப்பி ஒண்ணு இருக்கும் பாரு. அதப் போட்டு நான் சொல்றத டைப் அடி."

அடித்தாள். 98 திறந்தது. அருணாச்சலம் பிழைத்தார். எக்ஸ்பி இருந்த சுவடே இல்லை.

"அண்ணே, பாஷா சாரக் காணோம்ணே!"

"பேஜாரா போச்சே. சரி, சிடியப் போடு."

சிடியைப் போட்டாள். இப்போது அருணாச்சலமும் போனார். பழைய ஒற்றை வரி திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

"தாயே, கைய எடு. ஒண்ணியும் தொடாத. நானே வந்துக்கினு இருக்கேன்!"

அஸ்கர் அலி பைக்கில் வந்து சேர்வதற்குள் லாரி டிரைவர் மூன்று டீ குடித்துவிட்டான். முதலாளிகள் இருவரும் ஆபீசுக்குள் வந்து, ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். அஃப்ஸானா தெரிந்த துவாவையெல்லாம் ஓதிக்கொண்டிருந்தாள்.

அஸ்கர் அலி நோண்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இதுல யாரும்மா சாமி பேர எழுதுனது?"

"நான்தாண்ணே."

"லாரியில சாமி படத்த கண்ணாடிகிட்ட மாட்டுவாங்களா, இன்ஜினுக்குள்ள போடுவாங்களா?"

அவள் கண்ணில் நீர் முட்டியது. அவர் வேலையைப் பார்த்தார். முதலில் எக்ஸ்பி வந்தது. நெல்லூர் பில்லும் வந்தது. லாரி கிளம்பியது.

"சார், இனிமே இந்த மேல கீழ தகராறே வாணாம். பழசுல இருந்த நைனாவோட ஆர்டரெல்லாம் இதுக்குள்ளயே கொண்டாந்துட்டேன். ரெண்டு பேருதும் பக்கத்துப் பக்கத்துல தெரியும். பாருங்க."

திரையில் இடப்பக்கம் அருணாச்சலத்தின் ஆர்டர்கள், வலப்பக்கம் பாஷாவின் ஆர்டர்கள். இருவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்கள். மவுசை அருணாச்சலம் உருட்டினார், பிறகு பாஷா உருட்டினார். கடைசி வரி வரை பார்த்தார்கள். அஃப்ஸானா மனசுக்குள் வீட்டுக்குப் போகும் ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அருணாச்சலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாஷா தொண்டையைச் செருமினார்.

"நைனா, ஒரு டீ சாப்ட்லாமா?"

"நீங்க கூப்ட்டு நான் வராம இருப்பனா பாய்?"

ஒரு டீயை இரண்டாகப் பங்கிட்டுக் குடித்தார்கள். குடித்துவிட்டுச் சிரித்தார்கள். பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். அவள், "சார், தெரியாம..." என்று ஆரம்பித்தாள்.

"நாளையிலேர்ந்து நீ பர்மனெண்ட்டும்மா" என்றார் அருணாச்சலம்.

"அல்லா உன்ன நல்லா வெக்கணும். நீ செஞ்ச உதவிய நாங்க மறக்க மாட்டோம்" என்றார் பாஷா.

கெடுத்தவளுக்கு எதற்கு இவ்வளவு நன்றி என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படிப்பட்ட மனிதர்களிடம் சோறு தின்ன வைத்த ஆண்டவனுக்குக் கோடி நன்றி சொல்லிக்கொண்டே கேட்டுக்கு வந்தாள். வாட்ச்மேன் கலியன் கதவைத் திறந்தார். ஆபீஸ் சாவி அவரிடம்தான் இருக்கும்.

"தாத்தா, எவ்ளோ பெரிய மனசு இவங்களுக்கு! என் பேரு வாணாம், அவரு பேர மேல வெய்யின்னு ஒருத்தருக்கு ஒருத்தர் அப்படி ஒரு மரியாதை!"

கலியன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மரியாதையாவது மண்ணாவது, ரெண்டு பேரும் மொகம் குடுத்துப் பேசியே ஆறு மாசம் ஆவுது பாப்பா, காலைல நீ வர்றதுக்கு முன்ன நைனாவும் சாயங்காலம் நீ போனப்புறம் பாயும் சாவிய வாங்கிக்கினு போயி, அடுத்தவரு நம்மள ஏமாத்துறாரான்னு திருட்டுத்தனமா பாக்குறாங்க, மேல இருக்கறத வுட்டா வேற எதையும் தொறக்கத் தெரியாதே அவங்களுக்கு!"