அப்பாவுக்கு இழுத்த இரண்டாவது வயர்

கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தவனை நம்பி வீட்டில் எந்த வேலையையும் ஒப்படைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இதை யாரும் மறுக்க மாட்டார்கள். அந்த டிப்ளமாக்காரன் நான்தான்.

அப்பா அப்போது செங்கம் சாலை வீட்டில் கீழறையில் படுத்த படுக்கை. டாக்டர் தேதி சொல்லாத குறைதான். சிங்கப்பூரில் இருந்த அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு தடவை அப்பா முகத்தையாவது காட்டு என்று போனில் அழுதான். இன்டர்நெட் வயர் வந்ததோ மாடிக் கம்ப்யூட்டருக்கு; அப்பாவால் படியேற முடியாது. "நான் இருக்கேன்ல?" என்றேன். (இந்த வாக்கியத்தை இப்போது யாரிடமும் சொல்வதில்லை.)

மாடிக் கம்ப்யூட்டரில் வயர் இணைப்பையும் வயர்லெஸ்ஸையும் பாலம் போட்டு, ஒன்றில் வருவது மற்றதிலும் போகும்படி சேர்த்தேன். இரவல் லேப்டாப்பை அப்பாவின் கட்டிலருகே வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்குச் சோதித்தபோது ஜோராக வேலை செய்தது. அண்ணனைக் கூப்பிடப் போனேன். அம்மா தடுத்தாள்.

"ராகு காலம் வரப்போவுது. பன்னெண்டுக்கு மேல பேசிக்கலாம்."

அந்த ஒன்றரை மணி நேரம் சும்மா இருந்திருக்கலாம். பேச்சு பாதியில் அறுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், மாடி மோடத்திலிருந்து லேப்டாப்புக்கு இன்னொரு வயரை இழுத்தேன். லேப்டாப்பிலும் இரண்டு இணைப்பையும் பாலம் போட்டேன். ஒன்று போனால் மற்றது தாங்குமாம்! மோடம், கம்ப்யூட்டர், லேப்டாப், திரும்ப மோடம் என்று நான் போட்டது ஒரு வட்டம் என்பது பிறகுதான் தெரிந்தது. கிரிவலம் போகிறவர்கள் ஒரு சுற்றோடு வீடு திரும்புவார்கள். இதில் போன தகவல் ஓயாமல் சுற்றி, மொத்த இணைப்பையும் அடைத்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு அப்பா முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டையும் விபூதியுமாகத் தலையணையில் சாய்ந்திருந்தார். திரையில் ஒன்றும் வரவில்லை. மாடிக்கும் கீழுக்கும் ஓடினேன். எல்லாவற்றையும் அணைத்து அணைத்துப் போட்டேன். (அந்த வயரைப் பிடுங்க மட்டும் தோன்றவில்லை.) பன்னிரண்டரைக்கு அண்ணனுக்கு ஷிப்ட்.

"பெரியவன் தெரியறானாடா?" என்று அப்பா மூன்று தரம் கேட்டார். கடைசியில், "ஜாஸ்தி ஓடாதடா, மூச்சு வாங்குது பாரு உனக்கு" என்றார். அவருக்குத்தான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் போய்விட்டார்.

இப்போதெல்லாம் அண்ணன் கூப்பிட்டால் அம்மா பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாள். வீடியோவில் படம் கொஞ்சம் நின்றால் போதும், "டேய், இன்னொரு வயர் போடேன்" என்பான் அண்ணன். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அன்றைக்கே அவன் என்னை ரெண்டு அறை விட்டிருந்தால் தேவலை.