அழகேசனின் மோதிரவிரல்

உயிரோடு இருக்கும் ஒரு மனிதர், தான் இன்னார்தான் என்று மாதம் ஒருமுறை விரல் வைத்து நிரூபிக்க வேண்டும் என்பது தொழிலாளர் பொன்வாழ்வு நலத்திட்டத்தின் பதினான்காம் விதி. நல்ல விதிதான், யாரும் குறை சொல்ல முடியாது. முன்னொரு காலத்தில் எவனோ ஒருத்தன் செத்துப்போன மாமனார் பேரில் சர்க்கரை மாத்திரை வாங்கித் தின்றுவிட்டானாம். அன்றிலிருந்து கரையான்சாவடி கிளை அலுவலகத்தில் மனிதர்களை நம்புவதில்லை. மெஷினைத்தான் நம்புகிறார்கள்.

அந்த மெஷின் முன்னால்தான் சுலோசனா தன் புருஷன் அழகேசனை உட்கார வைத்திருந்தாள். சென்னை பாடியில் ஒரு பட்டறையில் முப்பது வருஷம் லேத் ஓட்டிய மனுஷன். சிறுநீரகத்தில் வந்த புற்றுநோய் நுரையீரல் வரைக்கும் போய்விட்டது என்று தெரிந்ததும், பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா ரெண்டு மருந்தைச் சேர்த்து எழுதினார். ஒன்று மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுவது. இன்னொன்று தினமும் வீட்டில் போடும் மாத்திரை. ரெண்டும் சேர்ந்து போனால்தான் முழுப் பலன், நான் சொல்லாமல் எதையும் நிறுத்தக் கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தார். நரம்பில் ஏற்றுவதில் வில்லங்கம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு நரம்பு கிடைத்தால் போதும். மாத்திரைதான் கிளை அலுவலகம் வழியாக வர வேண்டும். வெளியில் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்கும் புண்ணியவான்களுக்கு ஒரு தகவல்: அதன் விலையை மருந்துக்கடைக்காரரே குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்.

அந்த மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே நோயை அடக்கும்போதே வெளியே உள்ளங்கை, உள்ளங்கால் தோலை உரித்துவிடும். ஐந்தாவது மாதத்தில் அழகேசனின் விரல்கள் சிவந்து, உரிந்து, மழமழவென்று ஆகிவிட்டன. பெருவிரலை வைத்தார், சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தார், மறுபடி சிவப்பு.

சரிபார்ப்பு அதிகாரி உலகநாதன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருக்கலாம். அவர் எழுந்து வந்து, அழகேசனின் கையைப் பதமாகப் பிடித்துப் பார்த்தார்.

"ரேகையே இல்லையேம்மா" என்றார்.

"மாத்திரையாலதான் சார் போச்சு. டாக்டரம்மா லெட்டர் குடுத்துகீறாங்க."

"அப்போ வழி சுலபம். ஆறு வாரம் மாத்திரையை நிறுத்துங்க, ரேகை வந்துடும். ரேகை வந்ததும் நாங்க மாத்திரை குடுத்துடறோம்."

"ரேகை வந்துடும் சார். மனுஷன் இருக்கணுமே."

"அது சிகிச்சைப் பிரிவு பார்த்துக்கும். நாங்க சரிபார்ப்புப் பிரிவு."

ஆள் எதிரில்தானே உட்கார்ந்திருக்கிறார், உங்கள் கண்ணால் பார்க்கிறீர்களே என்று கேட்டாள் சுலோசனா. தான் பார்ப்பது உண்மைதான், ஆனால் தன் பார்வைக்கு விதியில் இடமில்லை என்று அவர் பணிவோடு தெரிவித்துக்கொண்டார். ரேகை போனவர்களுக்கென்று ஒரு சான்றிதழ் இருக்கிறதாம், 'ரேகையின்மைச் சான்று'. அதற்கான படிவத்தையும் எடுத்துக் கொடுத்தார். படிவத்தின் அடியில், விண்ணப்பதாரர் பெருவிரல் ரேகை பதிக்க ஒரு கட்டம் இருந்தது.

சுலோசனா அம்பத்தூர் எஸ்டேட்டில் துணிக் கம்பெனி சூப்பர்வைசர். நூறு பேரை அதட்டி வேலை வாங்குகிறவள். அவளே அந்தக் கட்டத்தை ரெண்டு தடவை தடவிப் பார்த்தாள். வீட்டில் மீதி இருந்தது பதினோரு மாத்திரை.

அவள் முகத்தைப் பார்த்து உலகநாதனுக்கு மனசு இளகிவிட்டது. சரி, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்போம் என்றார். ஒன்பது விரலுக்குச் சிவப்பு. இடது கை மோதிரவிரலை வைத்தபோது மெஷின் கொஞ்சம் யோசித்து மஞ்சள் காட்டியது. ஐம்பத்தெட்டு சதவீதம். அறுபது வந்தால் பச்சை. உலகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆபீசே எழுந்து வந்து எட்டிப் பார்த்தது.

"இது நல்ல விரல்மா. பத்து நாள் பத்திரமா வெச்சிருந்து கூட்டினு வாங்க" என்றார். விரலையா ஆளையா என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

மேற்படி விரல் அன்று முதல் அந்த வீட்டின் தலைமகன் ஆனது. தண்ணீர் படக் கூடாது, சூடு படக் கூடாது, எதிலும் உரசக் கூடாது. இந்த நாட்டில் இடது கைக்கு என்ன உத்தியோகம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மாத்திரை புண்ணியத்தில் அந்த உத்தியோகமும் ஒரு நாளைக்கு ஆறு தடவை. அழகேசன் மோதிரவிரலை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது.

விஷயம் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி முழுக்கப் பரவியது. மூன்றாம் மாடி கிருஷ்ணப்பிரியா ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலை. எதற்கும் ஒரு வாட்ஸப் குழு ஆரம்பிக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. 'விரல் வெல்லும்' என்று ஒன்றை ஆரம்பித்தாள். ரெண்டே நாளில் நூற்றுப் பன்னிரண்டு பேர். தினம் காலையில் விரலைப் படம் பிடித்துப் போட வேண்டும். ஒருத்தர் குப்பைமேனி அரைத்துக் கொடுத்தார். ஒருத்தர் அவகாடோ விழுதைப் பூசச் சொன்னார். வாழ்நாளில் அவகாடோவைக் கண்டிராத அழகேசன் அதைச் சட்னி என்று நினைத்து நக்கிவிட்டார். கிருஷ்ணப்பிரியா நேரிலேயே வந்து, தினம் பத்து நிமிஷம் கண்ணை மூடி விரலுக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

"நீங்க ஒரு போராளி அங்கிள்" என்றாள்.

"போராளின்னா யாரையாவது அடிக்கணும்மா. நான் சும்மா படுத்துகினு கீறேன்" என்றார் அழகேசன்.

நடுவில் ஸ்கேன் முடிவு வந்தது. நுரையீரலில் இருந்த கட்டிகள் பாதிக்குப் பாதி சுருங்கியிருந்தன. டாக்டரம்மாவே சிரித்துக்கொண்டு, மாத்திரையை ஒரு நாள்கூட விட்டுவிடாதீர்கள் என்றார். சுலோசனாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குழுவில் போட்டாள். ரெண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். மூன்றாமவர், "அது இருக்கட்டும்க்கா, இன்னிக்கு விரல் போட்டோ எங்கே?" என்று கேட்டார். போட்டாள். தொண்ணூறு இதயம் வந்தது.

குழுவை மட்டும் சொல்லி என்ன? அவளும் காலையில் எழுந்ததும், தூங்கினாயா, வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்பதை விட்டு விரலைத்தான் பிரித்துப் பார்த்தாள். ஒருநாள் அவர் வலியில் தடுமாறிச் சுவரைப் பிடிக்கப் போனபோது, "யோவ், அந்தக் கை வேணாம்" என்று கத்திவிட்டாள். பிறகு சமையலறையில் போய் நின்றுகொண்டு தன்னையே திட்டிக்கொண்டாள்.

பத்தாம் நாள் காலை, ஒரே ஒரு மாத்திரை மிச்சம். கிளை அலுவலகத்தில் கோலம் போடாத குறை. அழகேசன் விரலை நீட்டினார். மெஷின் யோசித்தது. ஆபீஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அறுபத்தொன்று. பச்சை.

கைத்தட்டல் அடங்க ரெண்டு நிமிஷம் ஆயிற்று. உலகநாதன் தன் கைக்காசில் மைசூர்பா வாங்கி வைத்திருந்தார். 'இம்மாதச் சரிபார்ப்பு வெற்றிகரமாக நிறைவுற்றது' என்று முத்திரை குத்திய தாளை அவளிடம் கொடுத்தார். விரலை நடுவில் வைத்து எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். சுலோசனா அழுதுகொண்டே கும்பிட்டாள். ஆட்டோவில் ஏறும்போதே படத்தைக் குழுவில் போட்டுவிட்டாள். போன் ஓயாமல் டிங் டிங் என்றது.

ரெண்டு தெரு தாண்டியிருக்கும்.

"சுலோ, மாத்திர எங்க?" என்றார் அழகேசன்.

அவள் பையைத் திறந்து பார்த்தாள். தாள் இருந்தது, மைசூர்பா இருந்தது. ஆட்டோவைத் திருப்பச் சொன்னாள்.

உலகநாதன் வாயில் இனிப்போடு நிமிர்ந்தார். "மாத்திரையா? அது மூணு வாரமா ஸ்டாக்கே இல்லையேம்மா. எப்போ வரும்னு மேலிடத்துக்கு எழுதியிருக்கோம்."

"அப்போ இந்த விரல் சார்?"

"விரல் வேற, மாத்திரை வேற. விரல் தயாரா இருந்தாத்தானே ஸ்டாக் வந்ததும் குடுக்க முடியும்? ஆனா ஒண்ணு, மாசம் மாறிடுச்சுன்னா திரும்ப வந்து வைக்கணும். அறுபத்தொண்ணுதான் இருக்கு, பார்த்துக்கங்க."

நூறு பேரை அதட்டுகிறவள் வாயைத் திறந்தாள். மேஜையைக் கவிழ்க்க வேண்டும், மெஷினைத் தூக்கித் தெருவில் அடிக்க வேண்டும் என்றுதான் திறந்தாள். ஆனால் அந்த வாய், "அதுவரைக்கும் இந்த விரலுக்கு என்ன தடவணும் சார்?" என்று கேட்டது.

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவளுக்கே உறைத்தது. கூசிப்போய்த் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அழகேசன் அவளைக் கவனிக்கவே இல்லை. கைக்குட்டையை எடுத்து உதறி, மோதிரவிரலை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.