தரையில் காது வைத்து வாங்கிய பேட்

கடையில ஒரு சாமான் வாங்கறதுக்கு முன்னாடி, அந்தக் கடைத் தரையிலேயே குப்புறப் படுத்து, டைல்ஸ் மேல காதை வெச்சுப் பார்த்த ஒரே மனுஷன் இந்தப் பூலோகத்துலயே எங்க கேன்தான். இதை எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் வந்து சொல்லுவேன். பக்கத்துல நின்னு மானம் போனவன் நான்.

கேன்ங்கறது அவன் தொழில். பேர் என்னன்னு யாரும் கேட்டதில்ல. படூர்ல எங்க அபார்ட்மென்ட்டுக்குத் தண்ணி கேன் போடறவன். நாலு மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது. தோள்ல ஒண்ணு, கையில ஒண்ணுன்னு ஏறுவான். இறங்கறப்போ காலி கேன்ல தாளம் போட்டுக்கிட்டே இறங்குவான். மூணாவது மாடி ரிட்டயர்டு ஆடிட்டர் இதுக்காகவே அசோசியேஷனுக்குப் புகார் எழுதிக் கொடுத்தார். விசாரிக்கப் போனது கல்ச்சுரல் செகரட்டரியான அடியேன். விசாரணை முடியறப்போ நானே படிக்கட்டுல உட்கார்ந்து காலால தாளம் போட்டுக்கிட்டிருந்தேன்னு என் மனைவி இன்னிக்கும் ஊரெல்லாம் சொல்றா.

அப்பதான் தெரிஞ்சது, இவன் ஒரு பழைய லேப்டாப்ல சாஃப்ட்வேர் போட்டு பீட், அதாவது பாட்டுக்குத் தாளம், பண்றவன்னு. அதுக்கு ஒரு பேட் வெச்சிருந்தான். பதினாறு ரப்பர் கட்டம் இருக்கற பெட்டி. எந்தக் கட்டத்துக்கு எந்தச் சத்தம்னு லேப்டாப்ல வெச்சுட்டா, விரலால தட்டத் தட்ட டிரம்ஸ், பறை, உடுக்கை எல்லாம் வரும். மெதுவா தட்டினா சின்னச் சத்தம், ஓங்கித் தட்டினா பெருசு. பெட்டிக்குன்னு சொந்தமா சத்தம் கிடையாது. லேப்டாப்ல ஒயரைச் சொருகலைன்னா வெறும் ரப்பர்.

அசோசியேஷன் ஆண்டு விழாவை மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பீச் ரிசார்ட்ல வெச்சோம். பிள்ளைங்க டான்ஸுக்கு வாசிக்க வேண்டிய டிரம்மர் நாலு நாள் முன்னாடி கையை விரிச்சுட்டார். கமிட்டி மீட்டிங்குல நான் கேனைச் சொன்னேன். ஆடிட்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மறுபடி மாட்டிக்கிட்டு, "தண்ணி போடறவனா?"ன்னார். எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. முழுப் பொறுப்பும் என்னுதுன்னு மேஜையில தட்டிட்டு வந்தேன்.

கேனுக்கு இதுல என்ன இருந்ததுன்னா, ரிசார்ட் மேனேஜர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். விழாவுல வாசிக்கறது பிடிச்சா, சனி ஞாயிறு சாயங்காலம் அங்கேயே நிரந்தரமா வாசிக்கலாம்னு. அவன் வலது தோள் ஏற்கெனவே ஒரு பக்கமா இறங்கிப்போச்சு. வெயிட் தூக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லி ஆறு மாசம் ஆகுது. "வேற இன்னா வேலை சார் கீது எனக்கு"ன்னு கேட்டுட்டு அன்னிக்கும் நாலு மாடி ஏறினவன் அவன்.

வெள்ளிக்கிழமை லோடு ஆட்டோவுல ஒரு தண்ணி கேன் விரிசல் விட்டு, சீட்டுக்குக் கீழ இருந்த பேட் மொத்தமா நனைஞ்சுபோச்சு. ராத்திரி பூரா அரிசிக்குள்ள புதைச்சு வெச்சுப் பார்த்தான். அது எழுந்திரிக்கவே இல்ல. விழா ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு.

சனிக்கிழமை அவனை வண்டியில ஏத்திக்கிட்டு திருப்போரூர் வழியா செங்கல்பட்டுக்கு விரட்டினேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மியூசிக் கடை. ஓனர், வீட்டுல நிச்சயதார்த்தம், ரெண்டு மணிக்கு ஷட்டர்னு போன்லயே சொல்லியிருந்தார். நாங்க போய்ச் சேர்றப்போ மணி ஒண்ணே கால். கடையில அஞ்சே அஞ்சு பேட் இருந்துச்சு.

ஓனர் ஆசையா முதல் பேட்டை லேப்டாப்ல சொருகி, ஸ்பீக்கரைத் திருப்பி வெச்சு, நாலு தட்டுத் தட்டினார். கடையே அதிர்ந்தது. கேன் பணிவா, "அண்ணாத்த, அந்த ஒயரப் புடுங்கிடு"ன்னான். ஓனர் என்னைப் பார்த்தார். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

சத்தமே இல்லாம தட்டிப் பார்த்தான். முதல் பேட் டக் டக்குங்குதுன்னு தள்ளிட்டான். ரெண்டாவதுல தட்டினா கட்டத்துக்குக் கட்டம் சிவப்பு, பச்சை, ஊதான்னு லைட் எரிஞ்சுது. எனக்கு ரொம்பப் பிடிச்சுது. அவன் முகத்தைச் சுளிச்சு, ரூமுக்கு ஆகாதுன்னான். மூணாவதுல கட்டம் சின்னது, கேன் தூக்கித் தடிச்ச விரல் ஒரே நேரத்துல ரெண்டு கட்டத்துல விழுந்துச்சு. நாலாவதை எடுத்துத் தரையில வெச்சான். இடது கையால தட்டிக்கிட்டே அப்படியே குப்புறப் படுத்து, ரெண்டு அடி தள்ளி டைல்ஸ்ல காதை வெச்சுக்கிட்டான். கிடார் வாங்க வந்த அம்மா ஒருத்தர் தன் பிள்ளையைப் பக்கத்துல இழுத்துக்கிட்டார்.

மணி ஒண்ணு ஐம்பது. ஓனர் ஷட்டர் கம்பியைக் கையில எடுத்துட்டார். எனக்கு பி.பி. எகிறிக்கிட்டிருந்தது. எழுந்திருடா, பேட்ல கேட்க வேண்டிய சத்தத்தை விட்டுட்டுத் தரையில உனக்கு என்ன கேட்குதுன்னு கத்திட்டேன். அவன் படுத்த வாக்கிலேயே பதில் சொன்னான்.

"நைனாவுக்கு நைட் டூட்டி சார். பகல்ல வூட்ல தூங்குவாரு. ஒரே ரூமு. தரையில பாய் போட்டுத்தான் படுப்பாரு. ஹெட்போன் போட்டுகினாலும் வெரல் தட்டறது தரை வழியா அவரு காதுக்குப் போவக் கூடாது. இதுல போவுது."

உங்க அப்பா யாருடான்னு கேட்டேன். எங்க பி பிளாக் வாட்ச்மேன். வருஷக்கணக்கா தினமும் எனக்கு கேட் திறந்துவிட்டு சல்யூட் அடிக்கறவர். இவன் அவர் பிள்ளைன்னு எனக்குத் தெரியாது. வெக்கமா இருந்துச்சு. ஓனர் கம்பியைக் கீழே வெச்சுட்டு, அஞ்சாவது பேட்டை எடுத்து, தானே தரையில வெச்சார். அதுல ரப்பர் மெத்துமெத்துன்னு இருந்தது. கேன் காதை வெச்சுக் கேட்டான். எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு, இதுதான்னான்.

ஞாயிறு சாயங்காலம் சவுண்ட் செக் பண்ண ஒதுக்கியிருந்த நேரத்தைத் தலைவர் உரை தின்னுடுச்சு. ஆடிட்டர் முதல் வரிசை, பக்கத்துல ரிசார்ட் மேனேஜர். பிள்ளைங்க மேடையில போஸ் கொடுத்து நின்னாச்சு. கேன் ஆரம்பிச்சான். விரல் என்னவோ பறக்குது. ஆனா ஸ்பீக்கர்ல ஏதோ பக்கத்து வீட்டுல தேங்காய் துருவற மாதிரி ஒரு சத்தம். கடல் காத்துல அதுவும் காணோம். பிள்ளைங்க ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிட்டு நிக்குதுங்க.

சவுண்டுக்காரர் ஃபுல்லா ஏத்திட்டேன் சார், இதுக்கு மேல ஏத்தினா கரகரன்னு வரும்னு கையைப் பிசைஞ்சார். எனக்கு அப்பதான் உறைச்சது. கடையிலேர்ந்து வந்ததுலேர்ந்து வீட்டுல ஹெட்போன் வால்யூமை உச்சத்துல வெச்சுக்கிட்டு, பூ மேல தட்டற மாதிரி தட்டிப் பழகியிருக்கான். பழைய பேட் அவன் கைக்குப் பழகினது, லேசா தொட்டாலே பேசும். இது புதுசு, ஓங்கி அடிச்சாத்தான் வாயைத் திறக்கும்.

மேடைக்குப் பின்னால ஓடினேன். எல்லா அடியையும் ஒரே அளவுல பெருசாக்கற பட்டன் ஒண்ணு இருக்கேடா, அதை அமுக்குன்னேன். பிள்ளைங்க ஏறி இறங்கி ஆடுதுங்க, எல்லாம் ஒரே அடியா விழுந்தா எப்படி ஆடும்னான். அப்ப ஓங்கி அடின்னேன். கையை ஓங்கினான், பாதி வழியிலேயே தணிஞ்சுடுச்சு. "வர்ல சார். கை தன்னால அடங்கிப் பூடுது." முதல் வரிசையில ஆடிட்டர் மேனேஜர் காதுல என்னமோ சொல்றார். மேனேஜர் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பிச்சுட்டார். இந்தப் பையன் திரும்ப அந்தத் தோள்லதான் கேனை ஏத்தப்போறான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

அப்ப கண்ணுல பட்டார். கடைசி வரிசைக்கும் பின்னால, சவுக்கு மரத்தடியில, எட்டு மணி டூட்டிக்குப் போற யூனிஃபார்மோட நின்னுக்கிட்டிருந்தார் பி பிளாக் வாட்ச்மேன். நான் கேனோட தாடையைப் பிடிச்சு அந்தப் பக்கம் திருப்பினேன்.

"பாருடா. உங்க நைனா முழிச்சிக்கிட்டுதான் இருக்காரு. அடி."

பார்த்தான். ஓங்கி அடிச்சான். மேஜை மேல இருந்த தண்ணி பாட்டில் உருண்டு விழுந்துச்சு. பிள்ளைங்க துள்ளிக் குதிச்சு ஆட ஆரம்பிச்சுதுங்க. மேனேஜர் செல்போனைப் பையில போட்டார். ஆடிட்டரோட வலது கால் செருப்பு தாளம் போட்டதை நான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன், அவர் இன்னிக்கு வரைக்கும் ஒத்துக்கல. அடுத்த சனிக்கிழமையே வந்துடச் சொல்லிட்டார் மேனேஜர்.

கூட்டம் கலையறப்போ வாட்ச்மேன்கிட்டப் போனேன். பழக்க தோஷத்துல சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கினார், நான் பிடிச்சுக்கிட்டேன். உங்க தூக்கம் கெடக்கூடாதுன்னு பையன் கடையில தரையில படுத்துப் பார்த்து பேட் வாங்கினான் தெரியுமான்னு கேட்டேன். சுத்தி முத்தி பார்த்துட்டுக் குரலை இறக்கினார்.

"எனக்கு ரெண்டு மணி நேரம் தூங்கினாப் போதும் சார். மிச்ச நேரம் சொம்மா கண்ண மூடிகினு கெடப்பேன். அவன் வெரல் சத்தம் லேசா கேட்டுகினே இருக்கும். முழிச்சிகினு கீறேன்னு தெரிஞ்சா நிறுத்திடுவான் சார்."

இதை நான் இன்னும் கேன்கிட்ட சொல்லல. அந்தப் பய இந்த மாதிரி வாரப் பத்திரிகை படிக்கற ஆள் இல்ல. படூர்ப் பக்கம் போனா நீங்களும் சொல்லிடாதீங்க, அவன் பாட்டுக்கு மெதுவாவே தட்டிக்கிட்டு இருக்கட்டும்.