மூன்று மூடி, ஒரே மாத்திரை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் தன் கையாலேயே எழுதும் முதல் கடிதம். நீங்களும் மகளும் நலமா? ‘நலம்’ என்று எழுதவே எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. அதற்காகவாவது நலமாக இருங்கள்.

விஷயம், நீங்கள் அனுப்பிய விட்டமின் மாத்திரை. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிவப்பு மூடி உங்களுடையது, பச்சை மூடி மருந்துக்கடைக்காரர் கொடுத்தது, நீல மூடி உங்கள் அத்தை யாரோ தோழி சொல்லி வாங்கி வந்தது என்று, மூடியின் நிறத்தைப் பார்த்தே ஒரு வருஷமாகத் தினமும் மூன்றையும் விழுங்கினேன். தையல்காரனுக்கு எண் தெரியும். எழுத்து, தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும், இந்த ஆண்டுதான் முதியோர் வகுப்பில் வாய்த்தது. விரல் மரத்தது, சத்து மாத்திரை நரம்புக்கு நல்லதாயிற்றே என்று நீலத்தை இரண்டாக்கினேன், காலும் மரத்து மெஷின் பெடல் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை, போன வாரம் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கையில் ஊசி குத்தியதுகூடத் தெரியாமல் வாடிக்கையாளரின் வெள்ளைச் சட்டையில் ரத்தத்தால் பூ வேலை செய்துவிட்டேன், இனி தொழிலே இல்லையோ என்று உட்கார்ந்தவன் படித்தாவது பழகுவோம் என டப்பாக்களை எழுத்துக்கூட்டினேன். சிவப்பில் பி6. பச்சையிலும் பி6. நீலத்திலும் அதே ஆள்! உள்ளே மடித்திருந்த தாளில், அளவு மீறி நெடுநாள் சாப்பிட்டால் கை கால் மரக்கலாம் என்று எறும்பு எழுத்தில் இருந்தது.

“மூணும் ஒண்ணுன்னா மூணு கலர் மூடி எதுக்குங்க?” என்றாள் உங்கள் அத்தை. கடைக்காரர், “தண்ணியில கரையுற சத்து பெரியவரே, மிச்சமானது மூத்திரத்துல போயிடும்” என்றார். “போகுது, என் விரலையும் கூட்டிட்டுப் போகுதே!” என்றேன். டாக்டர் மூன்றையும் மேசையில் நிறுத்தி, “யார் சொல்லிச் சாப்பிட்டீங்க?” என்று கேட்டார். மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுப்பேனா? “மூடி அழகா இருந்துச்சு” என்றேன். நிறுத்தினால் உணர்ச்சி மெல்லத் திரும்பும், மாதக்கணக்கில் ஆகலாம் என்று சொல்லி ரத்தம் எடுத்தார். நரம்பைக் காக்கிற சத்தே நரம்பைக் கெடுப்பது எப்படி என்று விடாமல் கேட்டேன். “அது இன்னும் எங்களுக்கே முழுசா புரியல” என்றார். அவ்வளவு படித்தவருக்கும் வாசிக்க மிச்சம் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆகவே இனி பி என்ற எழுத்து இந்த வீட்டுப் படி ஏறாது. நீங்கள் இருவரும் தேவையானதை மட்டும் விழுங்கி நெடுங்காலம் வாழ ஆசி.

இப்படிக்கு,
மாமனார்
(கையெழுத்து, கைநாட்டு அல்ல)

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் ரத்த அறிக்கை வந்தது. நானே வாசித்தேன். பி6 வழிகிறது; பி12 தரை தட்டிக் கிடக்கிறது. எவ்வளவு விழுங்கினாலும் என் வயிறு அதை உள்ளே சேர்க்கவில்லையாம். விரல் மரத்ததில் அதற்கும் பங்கு உண்டாம். ஒரே பி குடும்பத்தில் ஒருவனுக்குத் தினமும் விருந்து, இன்னொருவன் பட்டினி! நாளை முதல் டாக்டர் எழுதிய அளவில் பி12 ஊசி. பி படி ஏறாது என்று மேலே எழுதியதை அடிக்க மனம் வரவில்லை, மூன்று நாள் உழைப்பு. நீங்கள் படிக்காதது போல விட்டுவிடுங்கள்.