போர்த்துக்கல் அண்ணையின் நாலாம் நம்பர் பஸ்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஓடிய எந்த பஸ்ஸும் போர்த்துக்கல் அண்ணையிடம் நல்ல பெயர் வாங்கியதில்லை. நான் மீன் வெட்டிய கடைக்கு எதிரேதான் பஸ் தரிப்பிடம். ஏறுவதற்காக அல்ல, குறை பிடிப்பதற்காகவே அங்கே நிற்பார். இரண்டு பஸ் போனதும் கடைக்குள் வந்து, "இதுக்கு இருமக்கூடத் தெரியாது, தம்பி" என்று என்னிடம் முறையிட்டுவிட்டு மறுபடி ஓடுவார். ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸின் டிரைவருக்குக் கியர் மாற்றச் சொல்லிக் கொடுத்து, மூன்று முறை நடுவழியில் இறக்கிவிடப்பட்டவர்.

லண்டனுக்கு வருமுன் ஒன்பது வருடம் போர்த்துக்கலின் வடக்கே ஒரு மலை ஊரில் இருந்தார். அங்கே ஒரு குடும்பம் நாலே நாலு பழைய பஸ்களை வைத்துக் கம்பெனி நடத்தியது. முதலாளி ஓட்டுவார். மனைவி டோனா அமேலியா டிக்கெட் கிழிப்பார். அண்ணை பின்புற ஏணியில் ஏறி, கூரையில் உருளைக்கிழங்கு மூட்டையும் கோழிக்கூடையும் கட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் எஞ்சின் பார்ப்பார். அந்த எஞ்சின்கள் லண்டனில் செய்தவை. அவற்றின் சொந்தபந்தங்களைப் பார்க்கலாம் என்றுதான் இங்கே வந்தாராம். வந்து பார்த்தால் தெருவில் ஒன்றுகூட இல்லை. அந்தக் கோபம் ஆறவேயில்லை.

கல்யாணத் தரகர் ஒருவர் படம் கேட்டபோது, நாலாம் நம்பர் பஸ்ஸோடு நின்ற படத்தைக் கொடுத்தார். அதில் பஸ் முழுதாகவும் இவர் பாதியாகவும் இருந்தார்கள். பெண் வீட்டார் பதில் போடவில்லை.

ஊரில் போர் முடிந்த 2009 எங்களில் யாருக்கும் மனம் ஓரிடத்தில் நில்லாத வருடம். அதன் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, அண்ணை வெளிறிய முகத்தோடு வந்தார். முதலாளி இறந்துபோய், மிஞ்சிய நாலாம் நம்பர் பஸ் கொட்டிலில் கிடக்கிறதாம். பழைய பஸ்கள் சேர்க்கும் ஒருவர் பன்னிரண்டு மணிக்குப் பார்க்க வருகிறார். ஓடினால் எடுப்பார். ஓடாவிட்டால் திங்கட்கிழமை பழைய இரும்புக்காரரிடம் போகும். டோனா அமேலியாவின் மகன் எவ்வளவோ முயன்றும் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரியில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் பலம் இருக்கிறது.

"டீசல் குழாயிலை எயார் பிடிச்சிருக்குது, தம்பி. நான் சொல்லிக் குடுப்பன். ஆனால் எனக்குச் சத்தம் கேக்கவேணும்."

போனை ஸ்பீக்கரில் போட்டு இறால் தட்டின்மேல் வைத்தார். எந்தத் திருகாணியைத் தளர்த்துவது, காற்றுக் குமிழி நிற்கும்வரை எந்தப் பம்பைக் கையால் அடிப்பது என்று போர்த்துக்கீசில் கத்தத் தொடங்கினார். கத்திய வேகத்தில் மீன் மேசையை நாலு தரம் சுற்றி வந்தார்.

கடையில் சனிக்கிழமைக் கூட்டம். கை நிறைய வளையல் போட்ட ஒரு மாமி, "உந்தாள் பெத்த பிள்ளையை ஆஸ்பத்திரியிலை விட்ட மாதிரியெல்லோ நிக்குது" என்று உரக்கச் சொல்ல, வரிசையே சிரித்தது. மாமி நிறுத்தவில்லை.

நான் மீனின் விலையைக்கூட மெதுவாகச் சொல்பவன். "மாமி, கொஞ்சம் பேசாமல் நில்லுங்கோ" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. கடை அடங்கியது. ஃப்ரீசர் மட்டும் இரைந்தது. அதன் பிளக்கையும் பிடித்து இழுத்தேன்.

போனில் ஒரு முனகல். இன்னொன்று. அண்ணை கண்ணை மூடி ஒரு விரலை உயர்த்தினார். பிறகு ஒரு இருமல், பெரிய இருமல், கடைசியில் இறால் தட்டே அதிரும்படி தடதடவென்று ஒரு சத்தம்.

"பிடிச்சிட்டுது போலை" என்றார் மாமி, மிக மெதுவாக.

பருப்பு மூட்டைப் பக்கம் யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். மறுமுனையில் டோனா அமேலியா அழுதபடி ஏதோ கேட்டார். அண்ணை சுருக்கமாகப் பதில் சொன்னார்.

"என்னவாம், அண்ணை?"

"கை தட்டுறது ஆர் எண்டு கேக்கிறா."

"என்ன சொன்னியள்?"

"என்ர வீட்டு ஆக்கள் எண்டு சொன்னன்."

கடை முதலாளி வரும் நேரமாகிவிட்டது. ஃப்ரீசரின் பிளக்கைத் தேடிக் குனிந்தேன். குனிந்தபடியே வெகுநேரம் தேடினேன். அது என் கையில்தான் இருந்தது.